விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? ஒரு நூலகரின் அனுபவம்

ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் எங்கள் கிளை நூலகத்துக்கு ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். "சார், லீவு முழுக்க போனும் கையுமா இருக்கான். இங்க ஏதாவது வேலை கொடுங்க" என்பார்கள். கூடவே, "சர்டிபிகேட் தருவீங்களா?" என்றும் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் சான்றிதழை மட்டும் நினைத்து வருகிற பிள்ளை ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறது. தனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை மே மாதத்திலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். அதனால் எந்த வேலை கொடுத்தாலும், அந்தப் பிள்ளை வராத நாளில் யாராவது ஒருவர் "இன்னிக்கு ஏன் காணோம்?" என்று கேட்கும்படியான வேலையாகக் கொடுங்கள்.

விழிப்புணர்வுப் பேரணி, ஒருநாள் துப்புரவு முகாம் போன்றவற்றில் இது கிடைப்பதில்லை. மே மாதத்தில் மரக்கன்று நடும் விழாக்கள் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் ஜூனுக்குள் பாதி கருகிவிடும். போன மழைக்கு நட்ட கன்றுகள் தெருவில் நின்றுகொண்டிருக்கும். அவற்றில் நான்கை ஒரு பையன் பொறுப்பில் விட்டு, தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும்.

நூலகத்தில் இருப்பவன் என்பதால் எனக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் 'நூலக நண்பர்கள்' திட்டம் தொடங்கப்பட்டது. நூலகம் வரை வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. புத்தகம் வாசகரைத் தேடிப் போவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1931இல் மன்னார்குடி அருகே மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஓடியது. அதைத் தொடங்கிவைத்தவர், இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.அரங்கநாதன். வண்டிக்குப் பதில் இன்று பிள்ளைகளின் சைக்கிள்கள் இருக்கின்றன.

எங்கள் வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பதினொன்றாம் வகுப்பு போகவிருந்த ஒரு பெண்ணும் அவள் தங்கையும் மாலை ஐந்து மணிக்குப் போய் நாளிதழ் வாசித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு நாள் மூத்தவள் கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள். "மெதுவாப் படிம்மா, எனக்கு அந்த ஊர் கண்ணுல தெரியணும்" என்றாராம் அவர். அதன்பின் அந்தப் பெண் வாசித்த விதமே மாறிப்போனது. நாலரைக்கே பாட்டி திண்ணைக்கு வந்துவிடுகிறார் என்று என்னிடம் வந்து சொன்னாள். அந்தக் கோடையில் அவள் ஒரு மாலைகூடத் தவறவிடவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடு தேடிப் போய்ப் பேச வராது. கூச்ச சுபாவமுள்ளவர்களுக்கு அலமாரி அடுக்கும் வேலை நன்றாகப் பொருந்தும். நூலகத்தில் ஒவ்வொரு துறை நூலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண்; அந்த வரிசையில் தப்பி நிற்கும் ஒரு நூலைக் கண்டுபிடித்து உரிய இடத்தில் வைத்தால்தான், அதைத் தேடி வருகிறவர் கைக்கு அது கிடைக்கும். கிழிந்த பக்கத்தை ஒட்டுவது, முதுகில் எண் சீட்டு எழுதுவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது என்று இன்னும் நிறைய இருக்கிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். விடுமுறைப் பணியைத் தொடங்க அதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியவில்லை.

நூலகத்துக்கு வெளியேயும் வழி உண்டு. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஆள் எப்போதும் தேவை. போனும் கையுமாக இருக்கும் பையனுக்கு அந்தப் போனை வைத்தே செய்ய ஒரு நல்ல வேலை இது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடப்பார்கள். ஏப்ரலோடு அந்தப் பருவம் முடிந்துவிடும் என்பதால் கோடையின் தொடக்கத்தில்தான் இதில் சேர முடியும். பதினெட்டு வயதுக்குக் கீழிருந்தால் அம்மாவோ அப்பாவோ கூட நடப்பது நல்லது.

அப்புறம், பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை. வீடுகளுக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள், இருவராக அனுப்புங்கள். பெற்றோரின் கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது நூலகத்திலும் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். காலை பதினொன்றுக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் என்று நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எந்தத் தொண்டும் வேண்டாம். பிள்ளைக்கு ஏதாவது சங்கடம் நேர்ந்தால் உங்களிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை முதல் நாளே கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பணம் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. பழகிய பாசத்தில் சில முதியவர்கள் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்து, "பணம் எடுத்துட்டு வா கண்ணு" என்பார்கள். "எங்க சார் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தாத்தா" என்று மறுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மாத்திரைப் பட்டையில் உள்ள பெயரைப் படித்துச் சொல்லலாம், எத்தனை போடுவது என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டுப் பெரியவரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் கூடாது. நம் பிள்ளை நல்லது செய்வதைக் காட்ட, இன்னொருவரின் முடியாமையை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. காத்திருந்து பழகியவருக்கு அது பெரிய ஏமாற்றம். கடைசி நாள் எது என்பதை மே நடுவிலேயே பிள்ளை வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வர முடியும் என்றால், அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.