காசோடு வரும் கதைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

போன மாதம் ஒரு அக்கா மைலோ டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் நாணயக் கடைக்கு வந்தார். உள்ளே பழைய துண்டில் சுற்றிய பதினோரு வெள்ளி நாணயங்கள். அவருடைய அப்பா சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் சேர்த்தது. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடும்வரை ஞாயிறு தவறாமல் போய்வந்த மனிதராம். இப்போது அவர் இல்லை. "எவ்வளவு தேறும்னு பாருங்க தம்பி" என்றார் அக்கா.

எல்லாம் பிரிட்டிஷ் டாலர்கள். ஒரு பக்கம் சூலமும் கேடயமும் பிடித்து நிற்கும் பிரிட்டானியா. மறுபக்கம் நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்து, சுற்றி மதிப்பு சீனத்திலும் ஜாவியிலும் (மலாயை எழுதும் அரபு எழுத்து). 1895இலிருந்து 1935வரை, பெரும்பாலும் பம்பாய் அச்சாலையில் அடித்தவை. நாம் இங்கே டாலரை ‘வெள்ளி’ என்பது ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இந்தக் காசை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி, எடை 26.95 கிராம். உள்ளங்கை கொஞ்சம் கீழே இறங்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். சின்னத் தராசின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியம் ஆக்கினேன். ஒரு காசைத் தனியாக எடை போட்டுவிட்டு, நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். முதல் காசின் எடை 26.8, தண்ணீரில் காட்டியது 2.6. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 10.3 வருகிறது. அந்தக் கலவை வெள்ளிக்கு வரவேண்டிய அடர்த்தி அதுதான். அடுத்த காசு 23.4, தண்ணீரில் 2.7. வகுத்தால் 8.7கூட எட்டவில்லை. மலிவான வேறு உலோகத்தில் வெள்ளி முலாம் பூசியது. பதினொன்றையும் முடிக்க அரை மணி நேரம் ஆனது. தேறியவை இரண்டு.

"அப்பாவை ஏமாத்திட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக நேரான பதில் என்னிடம் இல்லை. விற்றவனுக்கே அது போலி என்று தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவனும் யாரிடமோ ஒரு கதையோடு வாங்கியிருப்பான். ‘செட்டியார் பெட்டகத்தில் இருந்தது’, ‘பழைய கடைவீட்டை இடிக்கும்போது சுவருக்குள் கிடைத்தது’, ‘தாத்தா ஜப்பான்காரனுக்குப் பயந்து புதைத்து வைத்தது’. இந்த மூன்றையும் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். மூன்றாவது கதையோடு வந்த ஒரு டாலர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

போலி செய்கிறவன் எங்கோ மறைந்திருக்கும் ஆள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலின் பெரிய சர்ச்சைகளை எடுத்துப் பார்த்தால், நடுவில் நிற்பவர்கள் மரியாதைக்குரியவர்கள். புத்தகம் எழுதியவர்கள், சங்கங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

காசு விற்கும் எவரும் ‘எம்எஸ் 65’, ‘ஏயூ 58’ என்று தர எண் சொல்வார்களே, அந்த எழுபது புள்ளி அளவுகோலை 1949இல் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். தொழிலால் உளவியலாளர், மனித உடல்வாகுகளை மூன்று வகையாகப் பிரித்தவரும் இவரே. பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளில் இவர் சொன்னதுதான் வேதம். தேய்ந்து அடையாளம் மட்டும் தெரிகிற காசு ஒரு டாலர் என்றால், அதே வகையில் அப்பழுக்கில்லாத காசு எழுபது டாலர் என்பது அவர் போட்ட கணக்கு. அந்த விலைக்கணக்கு சில வருடங்களிலேயே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டன.

1977இல் அவர் இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பெட்டிகளிலிருந்து நல்ல செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான தன் காசுகளை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நூற்றுக்கும் மேல். எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரிடம் பல வருடங்களுக்கு முன்பே விலை கொடுத்து வாங்கிய சேகரிப்பாளரோடு கழகம் வழக்காடியது. காசுகள் கழகத்துக்கே சொந்தம் என்று கலிஃபோர்னியா நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கினார் என்பது அங்கே எடுபடவில்லை. ஒரு காசுக்கு ‘65’ என்று நான் எழுதும்போதெல்லாம் ஒரு திருடனின் அளவுகோலால் அளக்கிறோம் என்ற நினைப்பு வந்து போகும். அளவுகோல் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அது வேறு.

பிறகு 2020இல் லண்டனில் ஏலம் போன ப்ரூட்டஸின் பொற்காசு. சீசரைக் கொன்றதைக் கொண்டாடி, இரண்டு குத்துவாளும் ஒரு தொப்பியும் பொறித்து கி.மு. 42வாக்கில் அடித்தது. ஏறக்குறைய 42 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. ஐரோப்பியப் பிரபு ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். அந்தப் பூர்வீகம் புனைந்தது என்ற குற்றச்சாட்டில் ஏல நிறுவனத்தின் உரிமையாளர் 2023 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு கிரேக்கத்துக்குத் திரும்பிப் போனது. அதற்கு 11 வருடம் முன்னால், அதே நியூயார்க்கில் ஒரு நாணயக் கண்காட்சியின்போது கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பிடித்தார்கள். ‘சிசிலியில் இப்போதுதான் தோண்டி எடுத்தது’ என்று தெரிந்தே பண்டைய வெள்ளிக் காசுகளை விற்கப் பார்த்தார் என்பது வழக்கு. சோதித்தால் காசுகள் போலி! திருட்டுப் பொருள் என்று நம்பி அவரே ஏமாந்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த தண்டனையில் சமூக சேவையோடு, பூர்வீகம் தெரியாத காசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. லண்டன் காசு அசல், கதை பொய். இவருடைய காசில் இரண்டுமே பொய்.

அரசாங்கமே ஏமாந்த கதையும் உண்டு. ஒஹாயோ மாநிலம் தொழிலாளர் இழப்பீட்டு நிதியிலிருந்து 5 கோடி டாலரை டாம் நோ என்ற வியாபாரி நடத்திய அரிய நாணய நிதிகளில் போட்டது. அந்தப் பணத்தை அவர் திருடியது 2005இல் அம்பலமானது. அடுத்த ஆண்டு அவருக்கு 18 வருடச் சிறைத் தண்டனை.

சரி, நம் ஊரில்? இந்தக் கட்டுரையில் உள்ளூர்ப் பெயர் ஒன்றுகூட வராது. அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை தராத காரணம். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை. பிரச்சினை வந்தால் பின்னறையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ‘வெளியே சொல்லாதீங்க’ என்று முடித்துவிடுவோம். அவதூறு வழக்குப் பயம் ஒன்று. நம் அலமாரியிலும் என்ன இருக்கிறதோ என்ற பயம் இன்னொன்று. திருப்பி வாங்கிய போலி உடைக்கப்படுவதில்லை, ஆறு மாதம் கழித்து வேறு ஒரு கண்காட்சி மேசையில் கிடக்கும்.

நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலில் எனக்கு மூத்தவர், நாலு நல்ல விஷயம் கற்றுக்கொடுத்தவர் ஒருவரிடம் ‘ஸ்லாப்’ போட்ட டாலர் ஒன்றை 1,800 வெள்ளிக்கு வாங்கினேன். ஸ்லாப் என்றால் தரநிர்ணய நிறுவனம் காசை வைத்து மூடிக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறை. உறையில் இருந்த எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஆண்டு, வகை, தரம் எல்லாம் பொருந்தியது. அதோடு விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் அதே பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, "அண்ணே, படத்துல கேடயத்துக்குக் கீழே ஒரு கீறல் இருக்கு, இதுல இல்லையே" என்றார். அசல் காசின் எண்ணைத் திருடிப் போலி உறையில் அச்சடித்திருக்கிறார்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு பெரிய தரநிர்ணய நிறுவனங்களின் உறைகளுக்குமே போலி உண்டு. எண் பொருந்துவதால் ஒன்றும் ஆகாது, படத்தில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் உங்கள் காசில் இருக்கவேண்டும். பெரியவரிடம் போய்க் கேட்டேன். "நானும் ஏமாந்திருக்கலாம்பா" என்றார். பணம் வரவில்லை. அவர் ஏமாற்றினாரா ஏமாந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் வருடா வருடம் அனுப்புகிறார்.

தமிழர்களுக்கென்றே ஒரு தனி வலை இருக்கிறது: சோழர் காசு. ராஜராஜன் பெயர் நாகரியில் பொறித்த செப்புக் காசுகள் உண்மையில் அரிதே இல்லை; ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் இணையச் சந்தையில் ‘தஞ்சாவூர் வயலில் கிடைத்த பொற்காசு’ என்று போட்டால் நமக்குக் கை துறுதுறுக்கிறது. செப்பில் பச்சைக் களிம்பு ஏற ஆயிரம் வருடம் தேவையில்லை, ரசாயனம் போட்டால் சில நாளில் ஏறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பெக்கர் என்ற கள்ள நாணயக் கலைஞர், தான் அடித்த கிரேக்க, ரோமானியக் காசுகளை இரும்புத் துகள் பெட்டிக்குள் போட்டு, குதிரை வண்டியின் கீழே கட்டி உலா போவாராம், பழசாக்க. இன்றைக்கு வண்டிகூட வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கல். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் தொல்பொருள்தான். தனியார் அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யக்கூடாது. நிலத்தில் கிடைத்த புதையலை மறைப்பது 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆக ‘போன மாசம்தான் வயல்ல கிடைச்சு ஊர்லேருந்து வந்துச்சு’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அது போலியாக இருக்கவேண்டும், அல்லது கடத்தலாக இருக்கவேண்டும். எது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

அப்புறம், ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று எழுதிய காசுகள். கம்பெனி அப்படிக் காசே அடிக்கவில்லை. அதை அரிசிக்குப் பக்கத்தில் வைத்தால் அரிசி நகரும், கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று ‘ரைஸ் புல்லிங்’ பேசும் கும்பலைப் பற்றி ஊர்ச் செய்திகளில் படித்திருப்பீர்கள். சிரிப்பாக இருக்கும். துவாஸ் பக்கம் தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து வந்த ஒரு தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஐந்து லட்சம் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ‘ரிசர்வ் வங்கி அனுமதி’ என்று மூன்று தவணையாக இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டார். நாலாவது தவணை கேட்டபோதுதான் என் கடையைத் தேடி வந்தார். பழைய நோட்டு, காசு விற்கக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அவருக்கு அது போய்ச் சேரவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாதிரிச் செய்தி வந்தால் இதையும் போட்டுவிடுங்கள்.

புதிய நினைவு நாணயங்களைப் பற்றிக் கொஞ்சமே சொல்ல இருக்கிறது. 2023இல் வந்த லீ குவான் யூ நூற்றாண்டுப் பத்து வெள்ளி நாணயம் 40 லட்சம்வரை அடிக்கப்படும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமே சொன்னது. அதை யாராவது ‘அரியது’ என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் அரட்டையையும் பேநவ் (கைப்பேசிவழி வங்கிப் பணமாற்று) பதிவையும் அழிக்காமல் வையுங்கள். கடையில் வாங்கியிருந்தால் ‘லெமன் சட்டம்’ துணைக்கு வரும்: ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளிவரை போகலாம், இருதரப்பும் சம்மதித்தால் 30,000. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. மோசடி என்று சந்தேகம் வந்தவுடன் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள். வாங்கும்போதே ரசீதில் ‘அசல்’ என்றும், ஆண்டும் எடையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசிக்கிற கடைக்காரர் உங்கள் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

மைலோ டின் அக்காவிடம், அசல் இரண்டையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். போலி ஒன்பதையும் தனிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு யாராவது அசல் என்று விற்றுவிடக்கூடாதே என்று எனக்குக் கவலை. அவர் கவரை வாங்கி, கிழித்து, எல்லாவற்றையும் ஒன்றாகவே துண்டில் சுற்றிக்கொண்டார். பதினொன்றின் எடையையும் ஆண்டையும் எழுதிய சீட்டை மடித்து டின்னின் அடியில் வைக்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் சரி என்றார்.