ஆழம் போதாத கடல்

போரில் மடிந்த மாலுமியைக் கடலிலேயே அடக்கம் செய்ய நேர்ந்தால், இயன்றவரை தனித்தனியாகவே செய்ய வேண்டும், முன்னதாக உடலைப் பரிசோதித்து இறப்பையும் அடையாளத்தையும் உறுதிப்படுத்த வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா ஒப்பந்தம் விதிக்கிறது. இயற்பியல் தன் பங்குக்கு இன்னொரு நிபந்தனையை விதிக்கிறது: ஆழம்.

நுரையீரலில் நீர் புகுந்த உடல் பெரும்பாலும் கடல்நீரைவிடச் சற்றே அடர்த்தி மிகுந்து மூழ்கிவிடும். பின்னர் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் திசுக்களைச் சிதைக்கையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் முதலிய வாயுக்களால் வயிறும் மார்பும் ஊதுகின்றன. எடை மாறாமல் பருமன் மட்டும் கூடுவதால் உடல் மேலே எழுகிறது. வெதுவெதுப்பான நீரில் இதற்கு இரண்டு மூன்று நாட்களே போதும். ஆனால் 180 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு என்பதால், அதே வாயு பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; குளிர்ந்த நீரோ நுண்ணுயிரிகளையே மந்தப்படுத்தும். அமெரிக்க விதிகள் கடலடக்கத்துக்குப் பொதுவாக ஏறக்குறைய இந்த ஆழத்தையே கேட்கின்றன. கேன்வாஸில் சுற்றித் தைத்துக் கால்மாட்டில் எடை கட்டும் பழைய கப்பல் வழக்கமும் இதே மிதப்பு விசைக்கு எதிரானதுதான்.

ராமநாதபுரம் கரையில் இந்தக் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே மன்னார் வளைகுடா கரையை விட்டு விலக விலக நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் கொள்கிறது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டரைக்கூடத் தாண்டாது. அங்கே எடையின்றி இறக்கிய உடல் மிதந்தே தீரும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஒதுங்கவே வாய்ப்பு அதிகம். அதை முதலில் காண்பவர் கரைவலை இழுப்பவராகத்தான் இருப்பார். அதற்குள் முகம் அடையாளம் தராது.

பல்லும் எலும்பும் தரும். 1941இல் பெர்ல் ஹார்பரில் கவிழ்ந்த ஓக்லஹோமா போர்க்கப்பலில் இறந்த 429 பேரில் 35 பேரையே அன்று அடையாளம் காண முடிந்தது. கலந்து புதைக்கப்பட்ட எலும்புகளை 2015இல் தோண்டியெடுத்துப் பல், டிஎன்ஏ சோதனைகள் நடத்தியதில் 2021க்குள் 350க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கிடைத்தது. பழைய எலும்பில் உயிரணுக் கருவின் டிஎன்ஏ சிதைந்திருந்தாலும், கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளில் நூற்றுக்கணக்கில் இருக்கும் டிஎன்ஏ பிரதிகளில் சில தப்பியிருக்கும். அது தாய்வழியாக மட்டுமே இறங்குவதால், ஒப்பிட்டுப் பார்க்க மாலுமியின் சொந்த மகனுடைய மாதிரி உதவாது. உடன்பிறந்த சகோதரியின் பிள்ளைகளைத்தான் தேடிப் போக வேண்டும்.