குளோனிங் எப்படி நிகழ்கிறது, அதன் சுமை யார் மேல் விழுகிறது

தோல், கல்லீரல், குடல் என எந்த உறுப்பைச் சேர்ந்ததாக இருந்தாலும், ஒரு செல்லின் உட்கருவில் முழு உடலையும் உருவாக்கப் போதுமான மரபணுத் தொகுதி இருக்கிறது என்பது இன்று பள்ளிப் பாடம். முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவைப் போல உட்கருவையே துறந்துவிடும் சில செல்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான், கரு வளர வளர ஒவ்வொரு செல்லும் தன் பணிக்கு வேண்டிய மரபுப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இழந்துவிடுகிறது என்று கருதினார். இதைச் சோதித்துப் பார்க்க, முதிர்ந்த செல்லின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து ஓர் உயிர் வளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறையே குளோனிங். ராபர்ட் பிரிக்ஸும் தாமஸ் கிங்கும் 1952இல் தவளைகளில் இதைச் செய்தபோது, இளங்கருவின் உட்கருக்கள் வளர்ந்தன. வளர்ச்சி மிகுந்த கருவின் உட்கருக்களோ பெரும்பாலும் பொய்த்தன. 1962இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவைக் கொண்டு இயல்பான தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார். முட்டையில் வைக்கப்பட்ட உட்கருக்களில் மிகச் சிலவே அவ்வளவு தூரம் வந்தன என்றாலும், குடல் செல் எதையும் இழந்துவிடவில்லை என்பதை நிறுவ அந்தச் சிலவே போதுமாக இருந்தன. மரபணுக்கள் தொலைந்துபோகவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பாலூட்டிகளில் இதையே செய்து காட்ட மேலும் 34 ஆண்டுகள் பிடித்தன. ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழுவினரின் முயற்சியால் 1996 ஜூலை 5 அன்று டாலி என்ற பெண் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆய்வகத்தில் இந்த வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆட்டின் முட்டையை, மழுங்கிய முனை கொண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று மெல்லிய உறிஞ்சலால் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து அதைவிட நுண்ணிய குழாய் ஒன்று முட்டையின் மேலுறையைத் துளைத்துச் சென்று, குரோமோசோம்கள் இருக்கும் பகுதியை உறிஞ்சி வெளியே எடுத்துவிடுகிறது. அதே துளையின் வழியாக, கொடையாளி விலங்கின் செல் ஒன்று மேலுறைக்கும் முட்டைக்கும் இடையே நுழைக்கப்படுகிறது. பிறகு செலுத்தப்படும் மின்துடிப்பு, இரண்டின் சவ்வுகளையும் ஒன்றாக்கி, விந்தணு வந்து சேர்ந்துவிட்டது போன்ற பொய்த்தோற்றத்தை முட்டைக்கு ஏற்படுத்தி, அதைப் பிளவுபடத் தூண்டுகிறது. டாலிக்கு உட்கரு தந்தது ஆறு வயதான, வெள்ளை முகமுடைய ஃபின் டார்செட் ஆட்டின் பால்மடிச் செல். முட்டையைத் தந்ததும் கருவைச் சுமந்ததும் கறுப்பு முக ஆடுகள். பிறந்த குட்டியின் முகம் வெள்ளையாக இருந்ததே முதல் சான்றாயிற்று.

கேம்ப்பெல்லின் நுட்பமான பங்களிப்பு, செல்லைப் பட்டினி போட்டதில் இருந்தது. வளர்ப்பு ஊடகத்தில் ஊட்டத்தைக் குறைத்துவிட்டால் செல் பிளவுபடுவதை நிறுத்தி ஓய்வு நிலைக்குச் செல்கிறது. அந்நிலையில் அதன் பிளவுச் சுழற்சி முட்டையின் சுழற்சியோடு இசைந்து போவதால், குரோமோசோம்கள் சிதையும் அபாயம் குறைகிறது. அப்படியும் இணைக்கப்பட்ட 277 முட்டைகளில் 29 மட்டுமே கருப்பைக்குள் வைக்கத்தக்க கருக்களாயின. அவற்றைச் சுமந்த 13 ஆடுகளில் ஒன்றுதான் குட்டி ஈன்றது.

இந்த எண்களைத் தொடக்ககாலத் தடுமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. தோல்வியின் காரணம் கைத்திறனில் இல்லை, உட்கருவின் இயல்பில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் அதற்குத் தேவையற்ற மரபணுக்களின் மேல் அவற்றை அடக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் அவற்றை இறுக்கி மூடியிருக்கின்றன. பக்கங்கள் பலவும் பசையால் ஒட்டப்பட்ட நூலைப் போன்றது முதிர்ந்த உட்கரு. விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது பல நாட்கள், சில சமயம் ஆண்டுகள் எடுத்து நடக்கும் ஆயத்தம் எதுவுமின்றி, ஒட்டிய பக்கங்கள் அனைத்தையும் முட்டையின் திரவம் சில மணி நேரத்தில் பிரித்துவிட வேண்டும். சில பிரிவதில்லை, சில, பிரிய வேண்டாத இடத்தில் பிரிந்துவிடுகின்றன. இதன் விளைவு முதலில் தென்படுவது நஞ்சுக்கொடியில். குளோன் செய்யப்பட்ட பசுக்களிலும் ஆடுகளிலும் கருச்சிதைவு, நீர்கோத்த நஞ்சுக்கொடி, இயல்புக்கு மீறிப் பெருத்த கன்று, பிறந்த உடனே மூச்சுத் திணறல் ஆகியவை அடிக்கடி பதிவாகியிருப்பதற்கு இதுவே அடிப்படை.

2018 ஜனவரியில் ஷாங்காய் ஆய்வாளர்கள் ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற இரு குரங்குக் குட்டிகளை அறிவித்தபோது, அந்த ஒட்டைக் கரைக்கும் பொருட்களைச் சேர்த்தே வெற்றி கண்டார்கள்: ஹிஸ்டோன் குறிகளை நீக்கும் நொதியின் ஆர்.என்.ஏ. ஒன்று, ட்ரைகோஸ்டாட்டின் என்ற வேதிப்பொருள் மற்றொன்று. இந்த உதவியோடும் 79 கருக்கள் 21 குரங்குகளுக்குள் வைக்கப்பட்டு, ஆறு கருத்தரிப்புகளிலிருந்து இரண்டு குட்டிகளே கிடைத்தன. அவையும் கருநிலைத் தோல் செல்களிலிருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லைக் கொண்டு 181 கருக்களை 42 குரங்குகளில் வைத்ததில் பிறந்த இரண்டும் விரைவிலேயே இறந்தன.

மனிதக் குளோனிங்கைப் பற்றிய பேச்சு வழக்கமாக ‘நகல் மனிதன்’ என்ற அச்சத்தில் தொடங்குகிறது. என் கணிப்பில் அது வலுக்குறைந்த வாதம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் எந்தக் குளோனையும் விட நெருக்கமான நகல்கள். அவர்களை எவரும் பாதி மனிதர்களாகக் கருதுவதில்லை. குளோன் என்பது கொடையாளியின் முழு நகல்கூட அன்று, ஏனெனில் செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 37 மரபணுக்கள் முட்டை தந்த தாயிடமிருந்து வருகின்றன. 2001 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிசி என்ற பூனைக்குட்டி இதை எல்லோரும் காணும்படி காட்டியது. அதன் கொடையாளி கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை கலந்த மூவண்ணப் பூனை. குட்டியிடமோ ஆரஞ்சு நிறம் அறவே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முடக்கப்பட்டிருக்கும். உட்கரு எடுக்கப்பட்ட அந்த ஒரு செல்லில் முடங்கியிருந்தது ஆரஞ்சு நிறத்துக்கான குரோமோசோம். முட்டை அந்த முடக்கத்தை நீக்கவில்லை. இறந்துபோன செல்லப் பிராணியைத் ‘திரும்பப் பெறலாம்’ என்று பணம் கட்டுவோர் இந்தப் பூனையின் படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

வலுவான வாதம் மேலே கண்ட குரங்குக் கணக்கில் இருக்கிறது. அதே விகிதத்தை மனிதருக்குப் பொருத்தினால், ஒரு குழந்தைக்காகப் பல பெண்கள் கருச்சிதைவையும் ஆபத்தான பிரசவத்தையும் கடக்க வேண்டும். பிறக்கும் குழந்தைகளுள் சில, ஒரு சில மணி நேரமே வாழும். இதற்குச் சம்மதம் தரும் நிலையில் அந்தக் குழந்தை இல்லை. தொழில்நுட்பம் ஒருநாள் பிழையற்றதாகிவிட்டால் இந்த வாதம் வலுவிழக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்போது எஞ்சி நிற்பது வேறொரு கேள்வி: முன்பே ஒருமுறை வாழப்பட்ட மரபணுத் தொகுதியோடு, குறிப்பிட்ட ஒருவரின் இடத்தை நிரப்புவதற்காகவே வரவழைக்கப்பட்ட குழந்தையின் மேல் பெற்றோர் சுமத்தும் எதிர்பார்ப்பு. இரட்டையர் ஒப்புமை இங்கே உதவாது. இரட்டையர்களில் எவரும் மற்றவருக்கு முன்மாதிரியாக நாற்பது ஆண்டுகள் முன்னதாகப் பிறப்பதில்லை.

குழந்தையை நோக்கமாகக் கொள்ளாத குளோனிங்கில் சுமை முட்டை தருபவர்கள் மேல் விழுகிறது. நோயாளியின் உட்கருவைக் கொண்டு ஐந்தாறு நாள் கருவை வளர்த்து, அதிலிருந்து அவருடைய மரபணுக்களையே கொண்ட, உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களைப் பெறுவது இதன் திட்டம். 2004இலும் 2005இலும் இதைச் சாதித்ததாகத் தென் கொரிய ஆய்வாளர் ஹ்வாங் வூ-சுக் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யானவை என்று தெரிந்து 2006இல் திரும்பப் பெறப்பட்டன. அவருடைய ஆய்வுக்கு 2,000க்கும் மேற்பட்ட மனித முட்டைகள் பயன்பட்டிருந்தன. அவற்றுள் சில அவருக்குக் கீழே பணியாற்றிய இளம் ஆய்வாளர்களுடையவை. முட்டைகளைப் பெறுவதற்கான ஹார்மோன் ஊசிகள் சிலருக்கு வயிற்றில் நீர் கோக்கும் அளவுக்குச் சூலகத்தைத் தூண்டிவிடக்கூடும். அந்த ஊழலில் பொய்த் தரவுகள் பேசப்பட்ட அளவுக்கு இந்தப் பெண்கள் பேசப்படவில்லை. உண்மையான சாதனை 2013இல், அமெரிக்காவின் ஓரிகானில் ஷௌக்ராத் மித்தாலிபோவ் குழுவால் நிகழ்ந்தது.

ஆனால் அதற்குள் பாதை வேறு திசையில் திரும்பியிருந்தது. முட்டை உட்கருவை மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவர முடியுமென்றால், அதைச் செய்யும் பொருள்கள் எவை என்று கேட்டார் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகா. 2006இல் நான்கே மரபணுக்களைச் செயல்படுத்தி எலியின் தோல் செல்லை ஸ்டெம் செல்லுக்கு இணையான நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டே மனித செல்லிலும் அது கைகூடியது. முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். 2014இல் ஜப்பானில், இப்படித் திருப்பப்பட்ட செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலம் நோயாளி ஒருவரின் கண்ணில் பொருத்தப்பட்டது. 2012இன் நோபல் பரிசை கர்டனும் யமனாகாவும் பகிர்ந்துகொண்டதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு: குளோனிங் மருத்துவத்துக்குத் தந்த மிகப் பெரிய கொடை, குளோனிங்கைத் தவிர்க்கும் வழியே.

நேரடிப் பயன் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது பன்றிகளை. மனித உடல் பன்றியின் உறுப்பை உடனே தாக்கி அழிப்பதைத் தடுக்க, பல மரபணுக்களை ஒருசேர மாற்ற வேண்டும். அதை ஒரு செல்லில் கிண்ணத்திலேயே செய்து முடித்து, சரியாக மாறிய செல்லை மட்டும் தெரிந்தெடுத்து, அதன் உட்கருவிலிருந்து முழுப் பன்றியை வளர்ப்பதற்குக் குளோனிங் வழிவகுக்கிறது. 2022 ஜனவரியில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குப் பொருத்திய, பத்து மரபணு மாற்றங்கள் கொண்ட பன்றி இதயம் இவ்வழியில் வந்தது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உயிர் வாழ்ந்தார். அந்தப் பன்றியை வளர்த்த நிறுவனம், டாலி ஆய்வில் பங்குகொண்ட பிபிஎல் தெரப்பியூட்டிக்ஸ் என்ற நிறுவனத்திலிருந்து பிரிந்து உருவானது. சிறந்த பாலுக்காகக் கால்நடைகளையும், போலோ ஆட்டத்துக்காகக் குதிரைகளையும் பெருக்குவதில் வணிகம் நடக்கிறது. அதில் எனக்குப் பெரிய வியப்பு இல்லை.

அழியும் உயிரினங்களுக்கு உதவுமா என்பதற்கு இரு விடைகள் உள்ளன. பிரனீஸ் மலையாட்டின் கடைசி உயிரி 2000இல் இறந்தது. அதன் செல்லிலிருந்து 2003இல் பிறந்த குட்டி, நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களிலேயே இறந்தது. பிழைத்திருந்தாலும் அது துணையற்ற ஒற்றைப் பெண் ஆடு. வட அமெரிக்காவின் கீரி போன்ற சிறு விலங்கான கறுங்கால் ஃபெரெட்டின் கதை வேறு. இன்று வாழ்பவை பெரும்பாலும் ஏழு மூதாதைகளின் வழிவந்தவை. அந்த எழுவரில் சேராத, 1988இல் செல்கள் உறையவைக்கப்பட்ட வில்லா என்ற பெண் விலங்கிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. அதே செல்களிலிருந்து வந்த அன்டோனியா 2024இல் குட்டிகளை ஈன்றது. இப்படித்தான் தொலைந்த மரபணு வகைகள் அந்த இனத்துக்குள் திரும்பி வருகின்றன. உயிரோடு இருக்கும் கூட்டம் ஒன்று காத்திருந்தால்தான் இது பலிக்கும்.

சட்டத்தின் சிக்கல் மீண்டும் செய்முறைக்கே வந்து சேர்கிறது. ஸ்டெம் செல்லுக்காக வளர்க்கும் கருவும் குழந்தைக்காக வளர்க்கும் கருவும் முதல் ஐந்தாறு நாட்கள் வரை ஒன்றே. எந்த நுண்ணோக்கியாலும் நோக்கத்தைப் பிரித்துக் காட்ட முடியாது. ஜெர்மனி இரண்டையும் தடை செய்தது. பிரிட்டன் கருவை ஆய்வகத்தில் வைத்திருக்க 14 நாள் வரம்பு விதித்து, உரிமம் பெற்ற ஆய்வை அனுமதித்து, குளோன் கருவைப் பெண்ணின் கருப்பையில் வைப்பதை மட்டும் 2001இல் குற்றமாக்கியது. 2005இல் ஐ.நா. பொதுச்சபை எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டபோது 84 நாடுகள் ஆதரித்தன, 34 எதிர்த்தன, 37 வாக்களிக்கவில்லை. அந்தப் பிரகடனம் எவரையும் கட்டுப்படுத்தாது. பிரிட்டன் வரைந்த கோடே சோதித்தறியக் கூடியது என்பது என் கருத்து, ஏனெனில் ஆய்வாளரின் மனத்தைச் சட்டம் அறிய முடியாது; கரு கருப்பைக்குள் சென்றதா இல்லையா என்பதை அறிய முடியும்.