மூன்று சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

சிறுநீரகப் புற்றில் இந்த ஆண்டில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. "சின்னக் கட்டிதான், முழுதாக எடுத்தாயிற்று" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட 32 வயதுப் பெண், பதினான்கு மாதம் கழித்து வயிற்றுக்குள் நெறி கட்டித் திரும்பி வந்தார். பழைய ஸ்லைடுகளை மறுபடி பார்க்கும் வேலை எனக்கு வந்தது. செல்லின் கருவுக்குள் செக்கச்செவேலென்று பெரிய நியூக்ளியோலஸ், அதாவது கருவுக்குள் இருக்கும் உருண்டை. அதைச் சுற்றி வெள்ளை வளையம். எஃப்.எச். என்ற மரபணு உண்டாக்கும் புரதம் இருந்தால் பழுப்பாகும் சாயம் போட்டுப் பார்த்தோம். இரத்தக் குழாயின் சுவரில் பழுப்பு ஏறியிருந்தது. கட்டிச் செல்கள் மட்டும் வெளிறிக் கிடந்தன. அவற்றில் அந்தப் புரதம் இல்லை, எஃப்.எச். மரபணுவில் பிழை என்பதற்கு அடையாளம் அது. முதல் அறிக்கை 'பாப்பிலரி வகை' என்ற சிறுநீரகப் புற்றின் பொதுப் பெயரோடு நின்றிருந்தது.

எஃப்.எச். பிழை உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே கருப்பை நார்க்கட்டியும் வரலாம். இவருக்கு 26 வயதிலேயே அவற்றை எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த படிவத்தில் அது இல்லை. யாரும் கேட்கவில்லை, சிறுநீரகத்துக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை. (நார்க்கட்டி உள்ள பெண்கள் பயப்பட வேண்டாம். மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த மரபணுவோடு தொடர்பே இல்லை.)

அளவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனாலும் சொல்கிறேன். சிறுநீரகப் புற்றில் அளவு முக்கியம்தான். நான்கு சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை பரவியிருப்பதில்லை. சிறுநீரகக் கட்டிகளை வரவழைக்கும் இன்னொரு பிழையான வி.எச்.எல். மரபணுப் பிழையோடு பிறந்தவர்களுக்குக் கட்டி மூன்று சென்டிமீட்டரை எட்டும்வரை கண்காணித்துக் காத்திருப்பதே வழக்கம். அவர்களுக்கு அது சரியான முடிவு. அந்த மூன்று சென்டிமீட்டர் எப்படியோ எல்லாக் கட்டிக்கும் பொதுவான சட்டம் போல மனதில் பதிந்துவிட்டது. எஃப்.எச். பிழையால் வரும் கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுவுக்குப் போகும். அதில் காத்திருக்கக் கூடாது. கண்டவுடன், சுற்றியுள்ள திசுவையும் தாராளமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். ஸ்கேனில் இரண்டும் ஒரே அளவு தெரியலாம். எது எந்த வகை என்பதை மரபணுதான் சொல்லும்.

மரபணு துப்புக் கொடுக்கும் சிறுநீரகக் கட்டிகள் வேறும் உண்டு. எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1 என்ற புரதம் இல்லாத மெடுல்லரி புற்று, அரிவாள் செல் பண்பு (சிவப்பணுவை வளைக்கும் மரபணுவின் ஒரு பிரதி) உள்ள இளைஞர்களிடம் வருவது. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும். குரோமோஃபோப் என்ற வகை பொதுவாகச் சாது. ஆனால் பரவிய குரோமோஃபோப் கட்டிகளில் டி.பி.53, பி.டி.இ.என். மரபணுக்களின் பிழைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றான வில்ம்ஸ் கட்டியில் 1க்யூ (ஒன்றாம் குரோமோசோமின் நீண்ட கை) பகுதி கூடியிருந்தால் மறுபடி வரும் அபாயம் அதிகம்.

இந்த மரபணுக் குறியீடுகள் ஜாதகம் அல்ல. குறியீடு இருந்தால் பரவியே தீரும் என்றோ, இல்லாவிட்டால் பரவவே பரவாது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கட்டிகள் அரியவை என்பதால் ஆய்வுகளில் நோயாளிகளும் குறைவு. கண்காணிப்பை நெருக்கமாக்கவும், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருக்கவும் இந்தக் குறியீடுகள் உதவும். அதுவே பெரிய உதவி.

அறிக்கையில் கட்டியின் வகை என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 46 வயதுக்குள் சிறுநீரகப் புற்று வந்தால் மரபணு ஆலோசனை தேவையா என்றும் கேளுங்கள். முன்பு எடுத்த எந்தக் கட்டியையும், எஃப்.எச். பிழையோடு வரக்கூடிய, தோலில் வலிக்கும் சிறு முடிச்சுகளையும்கூட மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். பிளாக் தொலைந்தால் அந்தக் கட்டியைப் பின்னால் மறுபடி சோதிப்பது கடினம். சக மருத்துவர்களே, படிவத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் இரத்தப் பரிசோதனையிலும் அதே எஃப்.எச். பிழை இருந்தது. பிள்ளைக்கு அது போக சரிபாதி வாய்ப்பு. அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. பிழை உள்ள குழந்தைகளுக்கு எட்டு வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறோம். இப்போது வேண்டாமே, குழந்தை பயந்துவிடுவாள் என்கிறார்கள் வீட்டில். தயவுசெய்து அழைத்து வாருங்கள். பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழாய் இரத்தம் போதும்.