சிரித்த படத்தைச் சாட்சிக்குக் கொண்டுவராதீர்கள்

"டொக்டர், இவவுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களே பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனை என் மேசையில் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநலக் கிளினிக்கில் இது இப்போது வாடிக்கையாகிவிட்டது.

போனில் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் குழந்தை, முகம் கொள்ளாத சிரிப்பு. பிள்ளை பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு எடுத்த படம். கீழே கனடாவில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வந்து குவிந்த இதயங்கள். எதிர்க் கதிரையில் அதே பெண், பிள்ளையை மாமியாரின் மடியில் விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறார். பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்திலும் அவருக்கு நித்திரை வருவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "நான் இந்தப் பிள்ளைக்குச் சரிவரமாட்டன்" என்ற நினைப்பு ஓயவே இல்லை. ஏன் இவ்வளவு கிழமையாகக் கூட்டிவரவில்லை என்று கேட்டால், வீட்டார் மறுபடியும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

இது ஒருவரின் கதை இல்லை. அடையாளம் தெரியாதபடி பலருடையதைச் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் அந்தப் போனை நீட்டும் கை எல்லாக் கதையிலும் இருக்கிறது.

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத விசயம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். மனச்சோர்வு உள்ளவர் சிரிப்பார். பகிடிக்குச் சிரிப்பார், கண்டு கனகாலமான சிநேகிதியைக் கண்டால் சிரிப்பார், கமராக்காரத் தம்பி "அக்கா, இஞ்ச பாத்துச் சிரியுங்கோ" என்றால் கட்டாயம் சிரிப்பார். பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் எடின்பரோ வினாக்கொத்து 1987இல் வந்தது. அதில் 10 கேள்விகள். சிரிப்பைப் பற்றியது ஒன்றே ஒன்று. அதுவும் "முன்னைப்போலச் சிரிக்க முடிகிறதா" என்றுதான் கேட்கிறது. மற்றவை தன்னைத்தானே குற்றம் சொல்வது, காரணமில்லாத பயம், நித்திரை, அழுகை என்று போய், தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணத்தில் முடிகின்றன. இதில் எதைப் படத்தில் பார்க்கப் போகிறீர்கள்?

இன்னொன்று. கடுமையான மனச்சோர்வில் பலருக்கு விடியற்காலைதான் மிக மோசம். மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும், அந்த நேரத்தில் வாழ்க்கையே பாரமாகத் தெரியும். பின்னேரமானால் கொஞ்சம் தேறுவார்கள். நாங்கள் படம் எடுப்பது எப்போது? பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு, கசூரினா கடற்கரையிலோ கோட்டை மதிலிலோ. விடியற்காலை நான்கு மணிக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று எந்த ஸ்டேட்டஸும் சொல்லாது.

இதை விளக்கி முடித்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்ப இவ்வளவு நாளும் நடிச்சவவா?" இல்லை. அந்தப் பத்து நிமிடம் அவர் உண்மையாகவே சந்தோசமாக இருந்திருக்கலாம். அல்லது, கேள்வி வரக்கூடாது என்று போட்டிருக்கலாம். இந்த ஊரில் படம் போட்டாலும் கதை, போடாவிட்டாலும் கதை. இரண்டு கிழமை ஒன்றும் போடாவிட்டால் கனடா ஸ்காபரோவில் இருந்து மச்சாள் போன் எடுப்பார்: "என்ன, சத்தத்தைக் காணேல்லை? அவரோட ஏதும் பிரச்சினையே?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஒரு படத்தைப் போடுவது சுகம். கணவனை இழந்த பெண்ணுக்கோ அதற்கு நேர்மாறான சட்டம். அவர் நல்லூர்த் திருவிழாவில் சிரித்தபடி ஒரு செல்ஃபி போட்டுவிட்டால், "அதுக்குள்ள மறந்திட்டாவோ" என்பார்கள். யார் எப்போது சிரிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எங்கள் சனத்திடம் யார் கொடுத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முகநூலில் லைக் பொத்தான் வந்தது 2009இல். இங்கே யுத்தம் முடிந்ததும் அதே வருடம்தான். பாதைகள் திறந்து, கையில் ஸ்மார்ட்போனும் வந்து, வெளிநாட்டுச் சொந்தமும் ஊர்ச் சொந்தமும் ஒருவரை ஒருவர் நாள்தோறும் பார்க்கத் தொடங்கியபோது, பார்த்ததெல்லாம் ஒரு பக்கத்தை மட்டும்தான். பாரிஸில் உணவகக் குசினியில் இரவு ஒரு மணிவரை கோப்பை கழுவும் தம்பி, ஈபிள் கோபுரத்தடியில் நின்ற படத்தைப் போடுகிறார். அதைப் பார்த்து இங்கே ஒரு பெடியன் தன்னை உதவாக்கரை என்று நினைக்கிறான். இங்கே கடன்பட்டு, ட்ரோன் பறக்கவிட்டுச் சாமத்தியவீடு செய்கிறார்கள். அதைப் பார்த்து அங்கே ஒருவர், ஊரில் எல்லாரும் நல்லாய் இருக்கிறார்கள், நான்தான் குளிரில் கிடந்து சாகிறேன் என்று குமைகிறார். மற்றவர்களின் துன்பத்தை நாம் குறைத்தும் சந்தோசத்தைக் கூட்டியும் மதிப்பிடுகிறோம் என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வு நடந்தது பல்கலைக்கழக மாணவர்களிடம். எங்கள் கலியாண அல்பங்களைப் பார்த்திருந்தால் ஆய்வாளர்களுக்கு வேலை இன்னும் சுலபமாகியிருக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடி நினைவிருக்கிறதா? பெற்றோல் வரிசையில் மணிக்கணக்கில் நின்றபடி ஆட்கள் படம் போட்டார்கள். பழைய சைக்கிளைத் தூசு தட்டி ஓடியதைப் போட்டார்கள், விறகடுப்பைப் போட்டார்கள். ஒருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதே நிலைமை. தனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்கும்போதுதான் மனிதர் மறைக்கிறார். மனநோயும் அப்படித்தான் மறைகிறது.

சரி, என்ன செய்யலாம்?

பிள்ளை பெற்றவரிடம் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள். "கொஞ்சம் சிரியன்" என்று சொல்லாதீர்கள். அவர் சோர்ந்திருந்தால் சேலை உடுத்திப் படம் எடுக்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் நித்திரை கொள்ள விடுங்கள். இது கெஞ்சல்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மாமி, மச்சாள்மாருக்கு: இதயத்தைத் தட்டிவிட்டால் சுகம் விசாரித்த கணக்கில்லை. போன் எடுங்கள். எடுத்து, "ஏன் படம் போடேல்லை" என்று கேட்காமல், "இரவில நித்திரை வருதோ, சாப்பிடுறியோ" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

"போனைத் தூக்கி எறி" என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் வைப்பதும் உதவாது. தனிமையில் இருப்பவருக்குச் சில நேரம் அந்தப் போன்தான் மிச்சமிருக்கும் துணை. பார்த்தபின் மனம் கனக்கவைக்கும் பக்கங்களை மியூட் செய்யச் சொல்லுங்கள், இரவில் போனைப் படுக்கைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள், நீங்களும் வையுங்கள்.

சோர்வும், எதிலும் நாட்டமின்மையும், நித்திரைக் குழப்பமும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கூட்டிவாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. "மருந்து தந்தால் பிள்ளைக்குப் பால் நின்றுவிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி நாள் கடத்தாதீர்கள். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். இருக்கிறது என்று சொன்னால் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிவாருங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். இரவு பகல் எந்நேரமும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலேயே கதைக்கலாம்.