உடற்பயிற்சியோடு புகைப்பழக்கத்தை விடும் ஆய்வு: யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள்?

சிகரெட்டை விட நினைப்பவர்கள் உடற்பயிற்சியும் செய்தால் விடுவது எளிதாகுமா என்று கண்டறியும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. இவற்றில் சேர விரும்புவோரைத் திகைக்கவைக்கும் விதி ஒன்று உண்டு. ஏற்கெனவே ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்ப்பதில்லை. நல்ல பழக்கத்துக்குத் தண்டனையா என்று கேட்கத் தோன்றும். தினமும் ஓடுகிறவரை ஓடச் சொல்லிப் பார்ப்பதில் ஆய்வாளருக்கு எந்த விடையும் கிடைக்காது; பயிற்சியே இல்லாதவரிடம்தான் மாற்றம் தெரியும். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பங்கேற்ற 281 பெண்களும் உடலுழைப்பு குறைந்தவர்களே. எனவே வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்று கேட்டால், நல்ல பெயர் வாங்கக் கூட்டிச் சொல்லாதீர்கள்.

புகைப்பதைப் பற்றிய கேள்விகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. வெட்கத்தால் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். பொதுவாக 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். தினமும் புகைப்பவராக, அதுவும் ஓராண்டுக்கு மேலாகப் புகைப்பவராக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை சிகரெட் என்ற கீழ்வரம்பு ஆய்வுக்கு ஆய்வு மாறும். பத்து சிகரெட் புகைப்பவர் நான்கு என்று சொன்னால், தகுதியிருந்தும் வெளியே நிற்க நேரலாம். காலையில் கண்விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்றும் கேட்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நிகோட்டின் பிடி மிக இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். இதைக் கேட்பது உங்களை எடைபோடுவதற்காக அல்ல. எவ்வளவு உதவி தேவைப்படும் என்று கணக்கிடுவதற்காக.

வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டார்கள். ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்லி, மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். அது சில மணி நேரத்திலேயே உடலிலிருந்து குறைந்துவிடும் என்பதால், அண்மையில் புகைத்ததை மட்டுமே காட்டும். சில ஆய்வுகளில், நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை உமிழ்நீரில் சோதிப்பார்கள். அது சில நாள்கள் வரை தங்கும். ஆய்வு முடியும்போது உண்மையாகவே விட்டுவிட்டீர்களா என்று உறுதிசெய்யவும் இதே சோதனைகள்தான்.

அடுத்தது உடல்நிலை. இதில் மட்டும் எந்தச் சலுகையையும் எதிர்பார்க்காதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ தொல்லை உண்டா, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும் படிவம் ஒன்று தருவார்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரின் அனுமதிக் கடிதம் கேட்கப்படலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. நீண்டகாலம் புகைத்தவரின் இதயம் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது. திடீர்க் கடும்பயிற்சி அதற்கு ஆபத்தாகலாம். வலியை மறைத்து உள்ளே நுழைந்தால் பந்தயம் வைப்பது உங்கள் உயிரைத்தான். கர்ப்பிணிகளைப் பல ஆய்வுகள் தவிர்க்கின்றன என்றாலும், அவர்களுக்கென்றே நடந்த ஆய்வுகளும் உண்டு.

ஆய்வில் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ புகைவிட உதவும் மாத்திரையோ கொடுப்பதாக இருந்தால் மருந்து சார்ந்த விதிகளும் சேரும். உதாரணமாக, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு புப்ரோப்பியான் என்ற புகைவிடும் மாத்திரையைத் தரக்கூடாது. வேறு முறையில் புகைவிடும் சிகிச்சையை ஏற்கெனவே எடுத்துவருபவர்களையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. எதனால் பலன் கிடைத்தது என்று பிரித்தறிய முடியாது என்பதே காரணம்.

எல்லாத் தகுதியும் இருந்தாலும் உடற்பயிற்சிக் குழுவில் இடம் உறுதியில்லை. யார் எந்தக் குழுவுக்கு என்பது குலுக்கலில் முடிவாகும். நான் முன்னே சொன்ன 1999 ஆய்வில் ஒரு குழு உடற்பயிற்சி செய்தது. மற்றொரு குழு அதே அளவு நேரம் உடல்நலம் பற்றிய வகுப்புகளில் உட்கார்ந்தது. ஓராண்டு கழித்து, புகையை விட்ட நிலையிலேயே தொடர்ந்தவர்கள் முதல் குழுவில் 11.9 சதவீதம், இரண்டாம் குழுவில் 5.4 சதவீதம். ஆனால் 2019இல் 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, உடற்பயிற்சி நீண்டகாலத்துக்குப் புகைவிட உதவுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. சிறிது நேர நடைகூடப் புகைக்கும் வேட்கையை அப்போதைக்குத் தணிக்கிறது என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்தத் தணிவு நிரந்தர விடுதலையாக மாறுமா என்பதே இன்னும் தீராத கேள்வி. அதற்காகத்தான் ஆள் தேடுகிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் நிதானமாகப் படியுங்கள். எத்தனை வாரம் வர வேண்டும், பயிற்சியில் காயம்பட்டால் செலவு யாருடையது, உங்கள் விவரங்களை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகும், எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

சேர்க்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, பிரசவம் போன்ற தடைகள் சில மாதங்களில் நீங்கிவிடும். ஆள் சேர்ப்பு தொடர்ந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். புகைவிடும் ஆலோசனைக்கும் மருந்துக்கும் ஆய்வில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் அன்றே கேட்கலாம்.