சாம்பலில் உள்ள ஈயம் எந்த விறகிலிருந்து வந்தது?

செட்டிநாட்டுப் பக்கம் செங்கல் சுடும் காளவாசலில் ஒரே விறகு மட்டும் எரிவது அபூர்வம். கண்மாய்க்கரையில் வெட்டிய சீமைக்கருவேலம், ரைஸ் மில் உமி, கடலைத்தோல், விலை கட்டுப்படியானால் நிலக்கரி என்று கலந்துதான் போகும். அப்புறம், இடித்த பழைய வீட்டின் பெயின்ட் பூசிய பலகையும் சில நேரம் உள்ளே போய்விடும். நல்ல தேக்கை மரக்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். உளுத்ததும் உடைந்ததும்தான் எரிக்க வரும். பக்கத்து வீட்டு மாடியில் படிந்த சாம்பல்தூசியில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் கொண்டுவந்த ஈயம் அது?

மரம் எரிந்து போகும். ஈய அணு அப்படியே இருக்கும். ஈயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள், உண்டு. 204 பூமி உருவானபோதே இருந்தது. 206-ம் 207-ம் யுரேனியம் சிதைவதாலும், 208 தோரியம் சிதைவதாலும் கூடிக்கொண்டே வருகின்றன. ஒரு பாறையில் எவ்வளவு யுரேனியம் இருந்தது, அதற்கு எத்தனை வயது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். அதனால் நிலக்கரியின் ஈயமும், பெயின்டுக்காக ஏதோ ஒரு சுரங்கத்தில் வெட்டிய ஈயமும் பெரும்பாலும் வேறு வேறு விகிதம் காட்டும். சூளை வெப்பத்தில் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. சாம்பலை அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் விகிதம் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்காக. நிலக்கரி 90 கிலோ, கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம்: மொத்தம் 900. பெயின்ட் பலகை 10 கிலோ, கிலோவுக்கு 500: மொத்தம் 5,000. எடையில் பத்தில் ஒரு பங்கான பலகை, ஈயத்தில் கிட்டத்தட்ட 85 சதவீதம் கொடுத்துவிட்டது. நிலக்கரியின் 206/207 விகிதம் 1.20, பலகையுடையது 1.10 என்றால், சாம்பல் 1.115 காட்டும். நாம் பின்பக்கமாகப் போய், 1.115-லிருந்து அந்த 85-ஐக் கண்டுபிடிக்கிறோம். எரித்த எடையை வைத்து மட்டும் பழி போட்டிருந்தால் நிலக்கரிதான் மாட்டியிருக்கும்.

இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் பலகையைச் சூளையில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உமியும் சீமைக்கருவேலமும் அந்த ரகம் இல்லை. ஆனாலும் ரோட்டோரத்துச் சீமைக்கருவேலத்தின் பட்டையில் ஒட்டிய மண்ணில், 2000-ல் நிறுத்தப்பட்ட ஈயப் பெட்ரோலின் மிச்சம் இருக்கலாம். அதனால் விறகை மண்ணோடும் ஒருமுறை, கழுவியும் ஒருமுறை அளக்க வேண்டும். செங்கல் மண்ணையும் விடக்கூடாது; சூடேறினால் அதுவும் ஈயம் விடும்.

எந்தச் சாம்பலை எடுப்பது என்பதும் முக்கியம். தாவர விறகில் பொட்டாசியம் அதிகம், சிலவற்றில் குளோரினும் அதிகம். குளோரின் சேர்ந்தால் ஈயமும் காட்மியமும் குளோரைடாகி எளிதில் ஆவியாகும். மேலே போய்க் குளிர்ந்ததும் நுண்தூசியில் படியும். அடிச்சாம்பலை மட்டும் அள்ளினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மூச்சுக்குள் போவதும் அந்த நுண்தூசிதான்.

ஆர்சனிக்குக்கு இந்த வழி உதவாது. இயற்கையில் அதற்கு ஒரே ஒரு நிலையான ஐசோடோப்புதான். அங்கே கூட வரும் உலோகங்களைப் பார்க்க வேண்டும். கரையான் தடுப்பு மருந்து ஏற்றிய சில மரங்களில் ஆர்சனிக்கோடு குரோமியமும் செம்பும் சேர்ந்தே இருக்கும். மூன்றும் ஒன்றாகக் கூடியிருந்தால், நிலக்கரியைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த மரத்தைத் தேடலாம்.